இழுத்துச் செல்ல உதவாத எஸ்.யு.வி.: விற்பனை நிலையத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
சான் அன்டோனியோ, டெக்சஸ்.

பெறுநர்:
பொது மேலாளர்,
புதிய வாகன விற்பனைப் பிரிவு.

பொருள்: மோட்டார் ஹோமின் (வீட்டு வசதிகளுடன் கட்டிய பெரிய வண்டியின்) பின்னால் நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுத்துச் செல்லலாம் என்று எழுத்தில் உறுதி கூறி, அதற்கு உதவாத எஸ்.யு.வி.யை விற்றது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் நிலையத்தில் நான் வாங்கிய எஸ்.யு.வி.யை ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. இருக்கைகள் வசதியாக இருக்கின்றன. குளிர்சாதனம் டெக்சஸின் ஆகஸ்ட் வெயிலுக்கு ஈடுகொடுக்கிறது. எந்தக் காரணத்துக்காக அதை வாங்கினேனோ அதற்கு மட்டும் அது உதவவில்லை. அந்தக் காரணத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே உங்களுக்கு மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். உதவும் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதியும் மின்னஞ்சலில் பதில் எழுதினார். இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

எங்களிடம் ஃபோர்டு ஈ-450 வண்டியின் அடிச்சட்டத்தில் (சேசிஸ்) கட்டப்பட்ட 31 அடி மோட்டார் ஹோம் இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு நானும் என் மனைவியும் குளிர்காலத்தின் பெரும்பகுதியை அதில்தான் கழிக்கிறோம். அவ்வளவு நீள வண்டியை முகாமில் நிறுத்திவிட்டால், பால் வாங்கப் போவதற்குக்கூட ஒரு சிறிய வண்டி வேண்டும். முன்பு 2014ஆம் ஆண்டு ஹோண்டா சி.ஆர்-வி.யைப் பின்னால் கட்டி இழுத்துப் போவோம். அந்த மாடலில் இப்படி இழுக்கத் தயாரிப்பாளரே அனுமதி தந்த கடைசி ஆண்டு அது, 2015இல் சி.வி.டி. எனும் வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்ததும் அனுமதி போய்விட்டது. அதற்கும் ஒரு முறை இருந்தது. இன்ஜினை இயக்கி, எல்லா கியர்களிலும் மாற்றி, முன்னோக்கி ஓட்டும் டி கியரில் சில நொடிகள் நிறுத்தி, பிறகு நியூட்ரலில் மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். 65 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. நீண்ட பயணமென்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும். தவறாமல் செய்தோம். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. "வாடிக்கையாளருக்கு இந்த விஷயம் பழக்கமில்லாததால் ஏற்பட்ட குழப்பம்" என்று உங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது.

அந்த வண்டிக்கு வயதாகிவிட்டதால் புதியது தேடினோம். ஜீப் ராங்லர் இந்த வேலைக்குப் பெயர் பெற்றதுதான். ஆனால் அதில் ஏறி இறங்க என் மனைவியின் முழங்கால் இடம் தரவில்லை. நீங்கள் விற்கும் இந்த மாடல் உயரத்தில் சரியாக இருந்தது. உரிமையாளர் கையேட்டை இணையத்தில் முழுவதும் படித்தேன். இழுத்துச் செல்வது பற்றிய பக்கத்தில் ஐயத்துக்கே இடமில்லை. இரண்டு வேக டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) உள்ள நான்கு சக்கர இயக்க வண்டியை மட்டுமே நான்கு சக்கரங்களும் தரையில் படும்படி இழுக்கலாம். ஒற்றை வேக டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளதை இழுக்கக் கூடாது. இரு சக்கர இயக்க வண்டியையும் கூடாது. கையேட்டை எழுதியவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

இரண்டு வகையும் ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில், பின்கதவில் ஒரே எழுத்துகளுடன் உங்கள் வளாகத்தில் நிற்கின்றன. ஆகவே "இந்த மாடலை இழுக்கலாமா?" என்று நான் கேட்கவில்லை. வண்டியின் அடையாள எண்ணைக் குறிப்பிட்டு, "இந்த எண்ணுள்ள வண்டியில் இருப்பது ஒற்றை வேக டிரான்ஸ்ஃபர் கேஸா, இரண்டு வேகமா? மோட்டார் ஹோமின் பின்னால் இழுத்துச் செல்வதற்காகவே வாங்குகிறேன்" என்று கேட்டேன். அந்த எண்ணைக் கணினியில் தட்டினால் தொழிற்சாலையில் பொருத்திய பாகங்களின் பட்டியல் உங்களுக்கு வந்துவிடும். எனக்கு வராது. ஒரு மணி நேரத்துக்குள் வந்த பதில்: "இரண்டு வேகம்தான். கவலையே வேண்டாம்."

இரண்டு வேக வகையில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் தனியாக ஒரு நியூட்ரல் உண்டு. ஓட்டிப் பார்த்த அன்று, அதற்கு மாற்றும் பொத்தான் எங்கே என்று கேட்டேன். பேனா முனையால் அழுத்தும்படி உள்வாங்கிய சிறு பொத்தானாக இருக்கும் என்று கையேடு சொல்கிறது. "அது இப்போது திரையின் மெனுவுக்குள் போய்விட்டது. டெலிவரி அன்று காட்டுகிறேன்" என்றார் பிரதிநிதி. டெலிவரி அன்று அவர் விடுமுறையில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் சாவியையும் ஒரு சாவி வளையத்தையும் கொடுத்தார்.

பிறகு வண்டியை டோ பார் (இரண்டு வண்டிகளையும் இணைக்கும் இழுவைக் கம்பி) பொருத்தும் பணிமனைக்குக் கொண்டுபோனேன். முன் பம்பர் உறையைக் கழற்றி, அந்தக் கம்பியை மாட்டும் பேஸ் பிளேட்டை அடியில் பூட்டி, அதன் கொக்கிகள் வெளியே வர பிளாஸ்டிக்கை வெட்டினார்கள். பின்விளக்குகளுக்கு மோட்டார் ஹோமிலிருந்து மின்னிணைப்பு கொடுத்தார்கள். நான் பிரேக் மிதிக்கும்போது பின்னால் வரும் வண்டியும் பிரேக் போடும் கருவி, இணைப்பு அறுந்தால் தானே நிறுத்தும் சுவிட்ச், பாதுகாப்புக் கம்பிகள் எல்லாம் பொருத்தியாயிற்று. கடைசியில் செய்முறை விளக்கம் தரத் தொழிலாளி உள்ளே ஏறி உட்கார்ந்தார். திரையில் எல்லா மெனுக்களையும் திறந்து பார்த்தார். இறங்கி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து, "ஐயா, இதில் இருப்பது ஒற்றை வேகம். நியூட்ரலே கிடையாது" என்றார். அவர் எடுத்த படங்களும் இணைப்பில் உள்ளன.

தவறான வண்டியை விற்றதை ஒரு கவனப் பிசகு என்று வைத்துக்கொள்கிறேன். என்னைக் கோபப்படுத்தியது அதற்குப் பிறகு உங்கள் நிலையம் சொன்ன பதில்கள்.

முதலில் சேவைப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தேன். "கியரை நியூட்ரலில் போட்டு இழுத்துப் போங்கள், ஒன்றும் ஆகாது" என்றார்கள். சேவைப் பிரிவு சொன்ன பதில் இது! ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுழற்றும் பம்பை இயக்குவது இன்ஜின். இன்ஜின் அணைந்திருந்தால் பம்பு ஓடாது. ஆனால் சக்கரங்கள் சாலையில் உருளும்போது கியர்பாக்ஸின் வெளித்தண்டு சேர்ந்து சுழலும். கியர் நியூட்ரலில் இருப்பதால் அந்தச் சுழற்சி நின்றுவிடாது. எண்ணெய் போய்ச் சேராத உறுப்புகள் 60 மைல் வேகத்தில் ஒன்றோடொன்று உராய்ந்து சூடேறிக் கருகும். முன்னால் மோட்டார் ஹோமை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் இருந்தால் சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிடும். அதனால்தான் அந்த வகையில் கியரை 'பார்க்' நிலையில் விடச் சொல்கிறது கையேடு. உங்கள் ஊழியர் சொன்னபடி செய்திருந்தால் கியர்பாக்ஸ் போயிருக்கும். கையேட்டுக்கு மாறாகப் பயன்படுத்தினீர்கள் என்று உத்தரவாதமும் மறுக்கப்பட்டிருக்கும்.

அடுத்து, விற்பனை மேலாளர் டாலி எனும் சிறு இழுவை வண்டியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். டாலியில் முன்சக்கரங்கள் மட்டும்தான் மேலே ஏறும். பின்சக்கரங்கள் தரையில் உருளும். நான்கு சக்கர இயக்க வண்டியை அப்படி இழுக்கக் கூடாது என்று அதே பக்கத்தில், இரண்டு வரி தள்ளி, அச்சாகியிருக்கிறது. பிறகு, முழு வண்டியையும் ஏற்றும் டிரெய்லர் வாங்கலாமே என்றார். என் மோட்டார் ஹோமின் ஹிட்ச் (பின்னால் உள்ள இழுவைக் கொக்கி) இழுக்கத் தாங்கும் எடை 5,000 பவுண்டு. இந்த எஸ்.யு.வி.யே சுமார் 4,500 பவுண்டு. டிரெய்லரின் எடையைச் சேர்த்தால் எங்கே போய் நிற்கும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாக, விற்பனைச் சீட்டில் "இழுவைத் தொகுப்பு" என்று இருப்பதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் வந்தது. அந்தத் தொகுப்பு இந்த வண்டி பின்னால் ஒரு படகை இழுப்பதற்கானது. இந்த வண்டியை இன்னொன்று இழுப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இத்தனை பதில்களுக்கு நடுவில் உங்கள் நிலையத்தில் ஒருவராவது கையேட்டின் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கலாம்.

முன்பதிவை ரத்து செய்ய முடியாததால் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு மோட்டார் ஹோமை மட்டும் ஓட்டிக்கொண்டு போனோம். ரியோ கிராண்ட் வில்லேஜ் முகாமில் இடம் பிடித்திருந்தோம். அங்கிருந்து சிசோஸ் பேசின் மலைப்பகுதி சுமார் 30 மைல். வளைவுகளும் சரிவும் கடுமையானவை என்பதால், 24 அடிக்கு மேற்பட்ட மோட்டார் ஹோம்கள் அந்தச் சாலையில் வர வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. சாண்டா எலினா பள்ளத்தாக்குக்குப் போக வேண்டுமானாலும் மின்னிணைப்பையும் குழாய்களையும் கழற்றி, உள்ளே இருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிவைத்து, வீட்டையே கிளப்ப வேண்டும். நடந்து போகும் தூரத்தில் இருந்ததை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். புது எஸ்.யு.வி. சான் அன்டோனியோவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது.

வாய்மொழி வாக்குறுதிகள் ஒப்பந்தத்தில் சேராது என்று உங்கள் கடிதம் சொல்கிறது. நான் காட்டுவது எழுத்தில் உள்ள உறுதிமொழி. அது போக, டெக்சஸ் வணிகச் சட்டத்தின் 2.315ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. வாங்குபவரின் குறிப்பிட்ட தேவை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் விற்பவரின் அறிவை நம்பிப் பொருளை வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் ஏற்றது என்ற உத்தரவாதம் தானாகவே உண்டு என்கிறது அது. பொருளுக்கு இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லி விற்பதை, 1973ஆம் ஆண்டின் ஏமாற்று வணிக நடைமுறைகள் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டப்படி வழக்குத் தொடர்வதற்கு 60 நாட்களுக்கு முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அந்த அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இதுதான். இந்த வண்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இதே மாடலில் இரண்டு வேக டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள வண்டியைத் தாருங்கள். இரண்டுக்கும் அறிவிக்கப்பட்ட விலையில் வேறுபாடு இருந்தால் அந்தத் தொகையை மட்டும் தருகிறேன். நான் ஓட்டிய மைல்களைக் காட்டித் தேய்மானம் கழிப்பதை ஏற்க மாட்டேன். மாநிலத்தின் 6.25 சதவீத வாகன விற்பனை வரியை நான் இரண்டாம் முறை கட்டும் நிலை வரக் கூடாது. பேஸ் பிளேட், மின்னிணைப்பு, பிரேக் கருவி ஆகியவற்றைக் கழற்றிப் புதிய வண்டியில் பொருத்தும் கூலியும், வெட்டிய பம்பர் உறையின் செலவும் உங்களுடையவை. மாற்று வண்டி கிடைக்காது என்றால் வரி, பதிவுக் கட்டணம், பொருத்திய செலவு உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். ஒவ்வொரு செலவுக்கும் எதிரே ரசீது எண்ணைக் குறித்த பட்டியல் இணைப்பில் இருக்கிறது.

இன்னொன்று. இந்த ஒற்றை வேக வகையின் விளம்பரத்தில், "மோட்டார் ஹோமின் பின்னால் இழுத்துச் செல்ல ஏற்றது" என்ற வரி இன்று காலை வரை உங்கள் இணையதளத்தில் இருந்தது. அதன் படத்தையும் தேதியுடன் இணைத்திருக்கிறேன். அதை நீக்குவதற்கு 60 நாட்கள் தேவைப்படாது.

பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். தொலைபேசியில் பேச எனக்கு விருப்பமில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மின்னஞ்சல் நகல்கள், விற்பனைச் சீட்டு, கையேட்டின் தொடர்புடைய பக்கம், பணிமனையின் படங்களும் ரசீதுகளும், செலவுப் பட்டியல், விளம்பரத்தின் படம்.