எல்லா ஸ்கூல்லயும் ஒரு சுகாதாரக் குழு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்கூல்ல புள்ளைங்க தண்ணி குடிக்கணும்னு வாட்டர் பெல் அடிக்கிறது பத்தி உங்க பேப்பர்ல படிச்சேன், நல்ல விஷயம்தான், வெயில் காலத்துல புள்ளைங்களுக்கு ஞாபகப்படுத்த ஆள் வேணும். ஆனா கவர்மென்ட் ஸ்கூல்ல எட்டாவது படிக்கிற என் பொண்ணு, காலையில ரொப்பிக் குடுத்த பாட்டில்ல முக்கால்வாசி தண்ணிய அப்படியே சாயந்திரம் திருப்பிக் கொண்டு வர்றா. ஏன்டி குடிக்கலன்னு கேட்டா "பாத்ரூம் போகணுமேம்மா"ங்கிறா. அங்க பொண்ணுங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் கழண்டு ரொம்ப நாளாச்சு, ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவ இழுத்துப் பிடிச்சுக்கணும், பைப்ல தண்ணி வரலன்னா அன்னிக்கு அதுவும் கிடையாது. மாதவிடாய் வந்துட்டா பாதி பொண்ணுங்க லீவு போட்டுடுறாங்க. பெல் எத்தன தடவ அடிச்சாலும் தாழ்ப்பாள் போடாம இந்தப் புள்ளைங்க தண்ணி குடிக்காதுங்க.

ஹெச்எம் மேல மட்டும் பழி போட நான் எழுதல, அவங்களுக்கும் வேலை தலைக்கு மேல கெடக்கு. இத தெனமும் பாக்குறதுக்குன்னு யாருமே இல்லங்கிறதுதான் பிரச்சனை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல முக்கால்வாசி பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனா கூட்டத்துல கட்டடம், அட்மிஷன்னு பேசி முடிக்கவே நேரம் சரியாப் போயிடுது, பாத்ரூம் பத்தி எந்திரிச்சுப் பேச எங்கள மாதிரி அம்மாக்களுக்கே கூச்சமா இருக்கு. அதனால அந்தக் குழுவுக்குள்ளயே சின்னதா ஒரு சுகாதாரக் குழு போடுங்கன்னு கேக்குறேன். ரெண்டு மூணு அம்மாக்கள், ஒரு டீச்சர், சத்துணவு அமைப்பாளர், ஊர் நர்ஸம்மா, முக்கியமா பெரிய கிளாஸ் பொண்ணுங்க ரெண்டு பேர், ஏன்னா பாத்ரூம் எப்படி இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

2020ல வந்த ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்துல ஸ்கூலுக்கு ரெண்டு டீச்சர்ங்கள நலத் தூதுவரா, அதாவது புள்ளைங்களுக்கு ஆரோக்கியம் பத்தி சொல்லிக் குடுக்குறவங்களா, போடணும்னு இருக்கு. எங்க ஸ்கூல்ல அது யாருன்னு எந்தப் பெத்தவங்களுக்கும் தெரியாது, அவங்களையே இந்தக் குழுவுல உக்கார வச்சா போதும்.

வியாழக்கிழமை குடுக்குற இரும்புச்சத்து மாத்திரையையே எடுத்துக்கோங்க. வெறும் வயித்துல போட்டா குமட்டும், மலம் கறுப்பா போகும், இத யாரும் முன்கூட்டியே சொல்லாததால அம்மாக்களே பயந்துபோய் "வேணாம், தூக்கிப் போட்டுடு"ன்னு சொல்லி அனுப்புறாங்க. நம்ம மாநிலத்துல 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது, அப்படி இருக்கும்போது அந்த நீல மாத்திரை குப்பைக்குப் போறது மனசு ஆறல. சோறு சாப்பிட்டப்புறம் போடு, போட்ட உடனே டீ குடிக்காதன்னு நர்ஸம்மா ஒரு கூட்டத்துல வந்து சொன்னாலே பாதி பயம் போயிடும்.

அதே மாதிரி டாக்டர் டீம் வந்து செக் பண்ணி கண்ணு சரியில்ல, பல்லு சரியில்லன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க, அப்புறம் அந்தப் புள்ள ஆஸ்பத்திரிக்குப் போச்சா, கண்ணாடி வந்துச்சான்னு கேக்க ஆளில்ல. ஒரு நோட்டுல பேர எழுதி வச்சு மாசாமாசம் கேக்குற வேலை இது, பெரிய செலவே கெடையாது.

பணத்துக்கு எங்க போறதுன்னு கேப்பாங்க. ஸ்கூலுக்கு வருஷாவருஷம் வர்ற மானியத்துல 10 சதவீதமாவது தூய்மைக்குன்னு ஒதுக்கணும்னு விதியே இருக்கு, தாழ்ப்பாளும் வாளியும் வாங்க அது தாராளமா போதும். செலவு செஞ்ச கணக்க நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லுங்க.

கல்வித்துறை அதிகாரிங்க இத அடுத்த மேலாண்மைக் குழு கூட்டத்துலயே எடுத்துக்கணும். கூட்டத்த சாயந்திரமா வைங்க, மத்தியானம் வச்சா கூலி வேலைக்குப் போற அம்மாக்களால வர முடியாது.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அம்மா,
விழுப்புரம் மாவட்டம்