சாரலில் வெளுத்த எஞ்சின்

செங்கோட்டை,
ஆடி முதல் வாரம்

அன்புள்ள கணேசா,

பேத்தி பிறந்த சேதி கேட்டு இங்கே வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயரை மட்டும் உன் மருமகளே வைக்கட்டும். உன்னிடம் விட்டால் ஏதாவது ஸ்டேஷன் பெயராகத்தான் இருக்கும்.

ரிட்டயர் ஆகி என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். பழைய மாட்டுத்தொழுவத்தை அடைத்துப் பட்டறை ஆக்கிவிட்டேன். ரயில் எஞ்சின் செய்கிறேன். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதே. அசலில் 87-இல் ஒரு பங்கு, எல்லாம் கணக்கு. நம்ம மீட்டர் கேஜில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1000 மில்லிமீட்டர், 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். விலைக்குக் கிடைக்கிற தண்டவாளமோ 12. அந்த அரை மில்லிமீட்டரை நான் மன்னித்துவிட்டேன், நீயும் மன்னித்துவிடு.

முதலில் செய்தது ஒய்டிஎம்4 டீசல். 2010-இல் புனலூர் லைனை மூடும்வரை வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மலையேறியதே, அதுதான். டீசல் ஒரு பெட்டிதானே, ஒரு மாதத்தில் முடிந்தது. இப்போது கையில் இருப்பது ஒய்ஜி, கரி எஞ்சின். இது ஆளைத் தின்கிறது.

அசலில் பெரிய சக்கரத்தின் விட்டம் 4 அடி. எனக்கு அது 14 மில்லிமீட்டர். நாலு அச்சு, எட்டுச் சக்கரம், எல்லாவற்றையும் பக்கத்துக்கு ஒரு ராடு பிணைக்கிறது. இடப்பக்கச் சக்கரத்தில் ராடு மாட்டும் முளைக்கும் வலப்பக்கத்து முளைக்கும் 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் நேர்கோட்டில் வந்து தள்ள முடியாமல் நிற்கும்போது மறுபக்கம் தள்ளுவதற்காக அந்த ஏற்பாடு. நான் கண்ணால் பார்த்தே பொருத்தினேன். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் எஞ்சின் முள் குத்தின ஆடு மாதிரி நொண்டியது. இரண்டு வாரம் ராடைக் குறை சொல்லிக்கொண்டு ஓட்டையைப் பெரிதாக்கினேன், நொண்டல் கூடியதுதான் மிச்சம். கடைசியில் தெரு முனை நகைப்பட்டறை ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நாலையும் ஒரே அச்சுக்கட்டையில வச்சு மாட்டுங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம். 90 என்பது 88 ஆனாலும் ஓடும், நாலு அச்சும் அதே தப்பைச் செய்ய வேண்டும். மரக்கட்டையில் அச்சு உட்கார ஒரு வெட்டு, முளைகள் சாய்ந்து நிற்க இரண்டு ஆணி. அன்று ராத்திரியே ஓடியது.

ரிவெட்டுகள் பித்தளைத் தகட்டின் பின்பக்கமிருந்து வருகின்றன. தையல் மெஷின் ஊசி நுனியை மழுக்கி, சின்னச் சுத்தியலால் ஒரே அழுத்தத்தில் தட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் இருநூறுக்கு மேல் தட்டினேன். ஒன்று தப்பினால் தகடு போச்சு. கைப்பிடிக் கம்பிக்குக் கிட்டார் தந்தி. ஆமாம், உன் மகன் இங்கே விட்டுப்போன கிட்டார்தான். அவனிடம் சொல்லிவிடாதே.

சோதனை பெயிண்டில் வந்தது. கரி எஞ்சின் கறுப்பு என்று டப்பாக் கறுப்பை அடித்தால், இந்த அளவில் நிலக்கரிக் கட்டி மாதிரி ஆகிவிடும். ரிவெட், குழாய் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் சாம்பல் நிறம் கலந்தால்தான் கறுப்பாகவே தெரிகிறது. கலந்தேன், பிரமாதமாக இருந்தது. அடித்த நாள்தான் தப்பு. குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று பஸ் பஸ்ஸாக ஜனம் வந்த அதே ஞாயிறு, சாரலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பிரே அடித்தேன். அந்த லேக்கர் பெயிண்ட் காயும்போது ஈரத்தை இழுத்துக்கொண்டு, மோர் ஊற்றினது போல பாய்லர் முழுக்க வெளுத்துப்போனது. உப்புத்தண்ணீர் கசிந்து காய்ந்த கறை, அசல் எஞ்சினில் இருப்பதுதான் என்று ஆசாரியிடம் சமாளித்துப் பார்த்தேன். "அதுக்குக் கோடு கோடால்லா வடியணும்" என்று சிரித்தார். தின்னர் போட்டு எல்லாவற்றையும் துடைத்தாயிற்று. இனி சாரல் ஓய்ந்து, ஆவணி வெயில் வந்த பிறகுதான்.

அதுவரை டிரைவர் கேபின் வேலை. அடுப்புக் கதவு, பிரஷர் கேஜ், கரி அள்ளும் மண்வெட்டிகூட வைத்துவிட்டேன். ஒன்றுதான் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பு லீவில் உங்கப்பா உன்னை மட்டும் எஞ்சினில் ஏற்றி பகவதிபுரம் வரை கூட்டிப்போனாரே. நான் பிளாட்பாரத்தில் நின்று அழுதேன், நீ கையாட்டினாய். அதற்காக இன்னும் உன்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. அந்த டீத் தூக்கை அவர் எங்கே வைப்பார்? அடுப்புக்கு மேலே பலகையிலா, ஜன்னல் ஓரக் கொக்கியிலா? பித்தளைத் தூக்கா, அலுமினியமா? உனக்கு ஞாபகம் இல்லையென்றால் அம்மாவிடம் கேள். தினமும் நிரப்பிக் கொடுத்தது அவர்கள்தானே.

கூரையை இன்னும் பற்றவைக்கவில்லை. சீக்கிரம் பதில் போடு.

உன்,
சுப்பு