விவாத வட்டம்: 2024-25 செயலாளர் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் ஆண்டு முழுக்க ஒரே தலைப்பில் பேசலாம் என்று முடிவானபோது பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. 'அரசு எதுவரை வரலாம்?' என்று தலைப்பு வைத்தோம். மருத்துவத்தில், தொழிலில், நம் சொந்த வாழ்க்கையில் அரசு எந்த இடம் வரைக்கும் கை வைக்கலாம் என்பதுதான் கேள்வி. இரண்டு கூட்டத்தில் தீர்ந்துவிடும் என்றார்கள். தீரவில்லை. மார்ச் கூட்டம் முடிந்தும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களை, கதவைப் பூட்ட வேண்டும் என்று நூலகக் காவலர்தான் வந்து அனுப்பிவைத்தார்.

நிறையப் பேர் வந்தது அக்டோபர் கூட்டத்துக்கு. கோவில்பட்டியில் தீப்பெட்டியைப் பற்றிப் பேசினால் வராமல் இருப்பார்களா? 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு 2023 ஜூனில் தடை போட்டது. உடனே உதிரிபாகங்களாக வரவழைத்து இங்கேயே பொருத்தி விற்க ஆரம்பித்தார்கள். அதற்கும் 2024 அக்டோபரில், அதாவது நாம் கூடிய அதே மாதத்தில், தடை வந்தது. ஆலை வைத்திருக்கும் நம் உறுப்பினர் முந்தைய மாதம்தான் லைசென்ஸ், ஆய்வு, வரி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அரசு கையை எடுத்தாலே தொழில் உருப்படும் என்று பேசியிருந்தார். இந்த மாதம் லைட்டர் தடையை ஆதரித்துப் பேசினார். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடும், இருபது பெட்டிக்குப் பின்னால் எத்தனை பெண்களின் கூலி இருக்கிறது என்று கேட்டார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அவர் முரணாகப் பேசியதாகத் தோன்றவில்லை. தனக்கு மட்டும் சலுகை கேட்டால்தான் முரண். அவர் கேட்டது ஊரே நம்பியிருக்கும் ஒரு வேலைக்குப் பாதுகாப்பு.

ஆனால் எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது. பத்து ரூபாய்க்கு எனக்கு ஒரு பொருள் கிடைக்கிறது, அதை வாங்காதே என்று சொல்ல அரசு யார் என்று கேட்ட தம்பிக்கு அன்று யாரும் முழுப் பதில் சொல்லவில்லை. டீக்கடை வைத்திருப்பவரும் பீடி பிடிக்கும் முதியவரும் தரும் கூடுதல் காசில்தான் அந்த வேலை காப்பாற்றப்படுகிறது என்று அவர் சொன்னது உண்மைதான்.

அன்று நான் எடுத்துச் சொன்ன ஒரு வரலாற்றைக் கேட்டுப் பலர் எழுதி அனுப்பச் சொன்னீர்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் எங்கே உரசினாலும் பற்றும் தீக்குச்சிகளில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. அந்தப் புகையிலேயே வேலை செய்தவர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888-இல் லண்டனில் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அவர்களுடைய குறைகளில் இந்த நோயும் ஒன்று. சிவப்பு பாஸ்பரஸ் என்ற மாற்று அப்போதே இருந்தது. ஆனாலும் ஆலைகள் தாமாக மாறவில்லை, ஏனென்றால் ஒருவர் மட்டும் மாறினால் அவர் சரக்கு விலை ஏறும், பக்கத்து ஆலைக்காரர் பழைய விலைக்கே விற்று அவர் சந்தையைப் பிடித்துவிடுவார். 1906-இல் ஐரோப்பிய நாடுகள் சில பெர்ன் நகரில் கூடி வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. பிரிட்டன் 1908-இல் சட்டம் போட்டது. அமெரிக்கா நேரடியாகத் தடை செய்யாமல் 1912-இல் அந்தக் குச்சிக்கு மட்டும் வாங்க முடியாத அளவுக்கு வரி போட்டது. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. நல்ல முதலாளிகூடத் தனியாக நல்லவராக இருக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அங்கே எல்லோருக்கும் ஒரே விதி போட அரசைத் தவிர வேறு ஆள் கிடையாது. இந்த ஆண்டு விவாதத்தில் நான் உறுதியாக நிற்கும் இடம் இதுதான்.

அப்புறம் நம் மூத்த உறுப்பினர் ஒரு அம்மா எழுந்து பேசினார். எட்டு வயதில் பெட்டி ஒட்டப் போனவர். விடிவதற்கு முன்பே ஆலை பஸ் ஊருக்குள் வரும், தூக்கத்திலேயே தூக்கி ஏற்றிவிடுவார்கள் என்றார். பசை காய்ந்து தோல் உரிந்த விரல்களால் சாப்பிட்டால் குழம்பு எரியும் என்று சொன்னபோது கூட்டம் அமைதியாகிவிட்டது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் என்று முதலாளிகளைக் கட்டச் சொன்னதை அப்போது நினைவுபடுத்தினோம். "அந்தச் சட்டம் எனக்கு வரல, என் மகளுக்கு வந்துச்சு" என்றார் அவர். அவர் மகள் இன்று செவிலியர்.

அரசு கண்ணை மூடிக்கொண்டு கை வைத்த கதையும் இதே தொழிலில் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம். 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்று ஆக்கினார்கள். காகிதத்தில் அது சமத்துவம். கையால் குச்சி அடுக்கி மருந்து முக்கும் சிறு ஆலைக்கு அது பாதகம், இயந்திரம் வைத்திருப்பவருக்கு லாபம். எதையும் தடை செய்யாமலே ஒரு எண்ணை மாற்றி ஒரு தொழிலின் அடியை அசைக்க முடியும் என்பதை அரசு வேண்டும் என்று பேசுகிறவர்கள் (நானும்தான்) மறக்கக் கூடாது.

மருத்துவம் பற்றி மூன்று கூட்டங்கள் நடந்தன. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1994-இல் தொடங்கிய இந்தக் கழகம் மாநிலம் முழுவதற்கும் மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்குகிறது, வந்த சரக்கில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறது, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் போட்டு, ஒதுக்கிய தொகைக்குள் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ள விடுகிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் இதேபோல் அமைத்தன. நம் மருந்துக்கடை அண்ணாச்சி அன்று சொன்னது நினைவிருக்கும்: ஜி.எச்.சில் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் என் கல்லா குறையும், ஆனாலும் என் அம்மாவுக்குச் சுகர் மாத்திரை அங்கேதான் வாங்குகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இப்போது அந்த அம்மாவுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

காப்பீட்டுத் திட்டத்தில்தான் சூடு பிடித்தது. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அரசு பணம் கட்டுகிறது, தனியார் மருத்துவமனையும் சிகிச்சை தரலாம். நோயாளி தனக்குப் பிடித்த இடத்துக்குப் போகலாம், இதைவிட என்ன சுதந்திரம் வேண்டும் என்றது ஒரு தரப்பு. அந்தப் பணத்தில் நம் ஜி.எச்.சில் இன்னும் இரண்டு டாக்டர் போட்டிருக்கலாமே என்றது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம். அட்டை கையில் இருந்தும் ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சு வலித்தால் பக்கத்தில் இதய மருத்துவர் இல்லையென்றால் அந்த அட்டையை வைத்து என்ன செய்வது?

அடைபட்ட இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கப் பொருத்தும் ஸ்டென்ட்டின் விலையைப் பற்றியும் பேசினோம். லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 30,000 ரூபாய்க்குள் உச்சவரம்பு வைத்தது. அதற்குப் பிறகு சிகிச்சை பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் தன் பில்லைக் கொண்டுவந்து காட்டினார். ஸ்டென்ட் விலை சட்டப்படிதான் இருந்தது, மற்ற இனங்கள் ஒவ்வொன்றும் வீங்கியிருந்தன. ஒரு ஓட்டையை அடைத்தால் போதாது என்பதற்கு அந்தத் தாளைவிட நல்ல சாட்சி இல்லை. அவர் அனுமதியோடு, பெயர்களை மறைத்து, நகல் எடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

தனிமனித சுதந்திரம் என்றதும் ஹெல்மெட்டில் தொடங்கினோம், அது சீக்கிரம் முடிந்துவிட்டது. கொசுப்புழு தேடி வீட்டுக்குள் வருபவர்களைப் பற்றிய பேச்சு முடியவில்லை. தண்ணீர் தினமும் வராத ஊர் இது, டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்காமல் முடியாது. டார்ச் அடித்து மூடியைத் தூக்கிப் பார்த்து அபராதம் என்றால், தண்ணீர் விடாதவர்களுக்கு யார் அபராதம் போடுவது என்று பெண்கள் கேட்டார்கள். நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. இந்த அதிகாரமெல்லாம் 1939-இல் சென்னை மாகாணம் போட்ட பொதுச் சுகாதாரச் சட்டத்திலிருந்தே வருகிறது, இந்தியாவில் அப்படி ஒரு சட்டத்தை முதலில் போட்டது நாம்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கு வராமல் இருக்க என் வீட்டு மூடியைத் தூக்கிப் பார்ப்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரை ஒழுங்காக விட்டுவிட்டு வந்து தூக்கட்டும்.

தடுப்பூசிக்கும் இதே அளவுகோல் பொருந்துமா என்று பார்த்தோம். 2022 மே 2-இல் உச்ச நீதிமன்றம் யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல் அவரவருடையது என்றது. அதேசமயம் பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அரசு வைக்கலாம் என்றும் சொன்னது. பிப்ரவரியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா தன் உயிர் உயிலைக் கொண்டுவந்தார். மீள வழியில்லாத நிலையில் குழாய்களோடு தன்னைப் பிடித்து வைக்க வேண்டாம் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு, நோட்டரி முத்திரையும் வாங்கியிருந்தார். 2018-இல் நீதிமன்றம் இந்த உரிமையைத் தந்தபோது மாஜிஸ்திரேட் ஒப்பம் வேண்டும் என்றிருந்தது, 2023 ஜனவரியில் நோட்டரியோ கெசட் அலுவலரோ போதும் என்று எளிதாக்கினார்கள். மகனும் மருமகளும் படித்துப் பார்த்துவிட்டார்கள், இனி நீங்களும் சாட்சி என்றார். இப்போது நம்மில் ஏழெட்டுப் பேர் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

டாஸ்மாக் கூட்டம் கட்சிச் சண்டையாக மாறி பாதியிலேயே கலைந்தது. அதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது, குடி குடியைக் கெடுக்கும் என்று எச்சரிப்பதும் அரசேதான். விற்பவரே எச்சரிப்பவராகவும் இருக்கும்போது எச்சரிக்கையின் குரல் தாழ்ந்துதான் போகும்.

பேச்சோடு நிற்காமல் ஒரு வேலையும் செய்தோம். கடைகளில் நின்றே வேலை செய்பவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியதல்லவா, பஜாரில் அது எப்படி இருக்கிறது என்று குழுவாகப் போய்ப் பார்த்தோம். பல ஜவுளிக்கடைகளில் ஸ்டூல் இருந்தது, ஸ்டூலின் மேல் சேலைக்கட்டு இருந்தது. ஒரு பெண், கூட்டம் இல்லாதபோது உட்காரலாம்தான் அண்ணே, ஆனால் உட்கார்ந்தால் மேனேஜர் பார்ப்பார் என்றார். கடைப் பெயர் எதுவும் குறிப்பிடாமல் தொழிலாளர் துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை, மறுபடியும் எழுதுவோம்.

மற்றவை: சீட்டு எடுத்து எதிர்ப்பக்கம் பேச வைக்கும் முறை நன்றாக நடந்தது, தொடரலாம். பெண்கள் கேட்டபடி கூட்டத்தை மாலையிலிருந்து மதியம் மூன்று மணிக்கு மாற்றியதில் வருகை கூடியது. கட்சிப் பெயர் சொல்லிப் பேசக் கூடாது என்ற விதியை டாஸ்மாக் கூட்டத்துக்குப் பிறகு எழுத்தில் வைத்திருக்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் மைக் ரிப்பேருக்குக் கடன் வாங்க வேண்டியிருக்காது. அடுத்த ஆண்டுக்கு மின்சாரம், பள்ளிக் கல்வி என்று இரண்டு தலைப்புகள் வந்துள்ளன, வாக்கெடுப்பு தேநீருக்குப் பிறகு. புதிய நிர்வாகிகள் பொறுப்புக்குப் பெயர் கொடுப்பவர்கள் அதற்கு முன்பே தலைவரிடம் சீட்டைக் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்