புகையில்லாத தோட்டக் கிணறுகளுக்கு உங்கள் பங்கைத் தாருங்கள்

அன்பான உறவுகளே,

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் களுதாவளை, தேத்தாத்தீவுப் பக்கம் தோட்டம் செய்யும் குடும்பங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாங்கள் பங்குக்குப் பாவிக்கும் மூன்று கிணறுகளில் மண்ணெண்ணெய் மெசின்களை எடுத்துவிட்டு சோலர் பம் பூட்டப் போகிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

எங்களுடையது மணல் தரை. விட்ட தண்ணீர் நிற்காது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை மிளகாய்க்கும் கத்தரிக்கும் வெற்றிலைக்கும் ஓயாத இறைப்புத்தான். மெசினை பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மாற்றும்போது கிணற்றடியே புகை மண்டிப்போகும். புகைக்குழாய்க்கு நேரே நிற்கும் கத்தரி இலையைத் தடவினால் விரலில் கறுப்புப் பசை ஒட்டும். பாத்திக்குத் தண்ணீர் மாறிவிடும் பெண்களும், பள்ளிக்கூடம் விட்டு வந்து கைகொடுக்கும் பிள்ளைகளும் சுவாசிப்பது இதைத்தான்.

எண்ணெய் சரியாக எரியாவிட்டால் கரித்துகளும் காபனோரொட்சைட்டும் வரும். கூடவே நைதரசன் ஒட்சைட்டுகளும், எண்ணெயில் கந்தகம் இருப்பதால் கந்தகவீரொட்சைட்டும் வரும். 2.5 மைக்கிரோமீற்றரிலும் சிறிய துகள்களை மூக்கும் தொண்டையும் மறிக்காது. நுரையீரலின் அடிவரை போய், மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். இழுப்பு மட்டுமல்ல, மாரடைப்பும் பாரிசவாதமும் இதனால் கூடுகின்றன. இந்தத் துகளின் ஆண்டுச் சராசரி கனமீற்றருக்கு 10 மைக்கிரோகிராமைத் தாண்டக்கூடாது என்றிருந்த உலக சுகாதார நிறுவனம், 2021இல் அதை 5 ஆகக் குறைத்தது. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் உடம்பின் அளவுக்கு அவர்களுக்குள்தான் அதிகம் போகிறது.

எங்களுக்குப் பெரிய பயம் காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கிணறு துப்புரவாக்கும்போது மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டு, பிறகு ஆள் இறங்குவது நம் நாட்டில் உயிர்களைக் குடித்திருக்கிறது. மயங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து போயிருக்கிறார். தயவுசெய்து, எந்த ஊரில் இருந்தாலும் அப்படி இறங்காதீர்கள்.

2022 டிசம்பர் 9 அன்று காற்று கெட்டுப்போய் நாடெங்கும் பாடசாலைகளை மூடியது நினைவிருக்கும். அந்தத் தூசில் பெரும்பங்கு கடல் தாண்டிக் காற்றோடு வந்தது. அதை நாங்கள் நிறுத்த முடியாது. நுரைச்சோலை மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியும் எங்கள் கையில் இல்லை. கிணற்றடிப் புகை எங்கள் கையில்தான் இருக்கிறது.

செலவும் கழுத்தை நெரிக்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. அன்று தோட்டத்தைத் தரிசாக விட்டவர்களும் உண்டு.

கரண்ட் மோட்டர் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கிணறுகளுக்குப் பக்கத்தில் மின்கம்பம் இல்லை. அப்புறம், தண்ணீர் தேவைப்படும் மாதங்களில்தான் இங்கே வெயிலும் கொளுத்துகிறது. மாரியில் இறைப்பே இல்லை. எங்கள் தரைக்கு சோலர் பொருந்துவது அதனால்தான்.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். செலவில்லை என்று கண்டபடி இறைக்க விடமாட்டோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலுக்குள் நிற்கும் நன்னீர் இது; அளவு மீறினால் உவர் ஏறிவிடும். கிணற்றுக்கு ஒரு தாங்கி, குடும்பத்துக்கு ஒரு இறைப்பு முறை என்று கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம்.

தகடு, பம், தாங்கி, இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்து ஒரு கிணற்றுக்கு நான்கு இலட்சம் ரூபா அளவில் மதிப்பிட்டிருக்கிறோம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தோட்டக்காரர்களே போடுகிறோம். குழி வெட்டுவதும் சீமெந்து வேலையும் எங்கள் சிரமதானம். மிகுதிக்குத்தான் உங்களிடம் வருகிறோம். வெளிநாட்டிலிருக்கும் எங்கள் பிள்ளைகளும், இந்தத் தோட்டத்து மரக்கறியை வாங்கிச் சமைக்கும் மட்டக்களப்பு, கல்முனை உறவுகளும் இயன்றதைத் தாருங்கள். ஐந்நூறு ரூபாவானாலும் பற்றுச்சீட்டு உண்டு. பணமாக இல்லாமல் குழாய், வயர், சீமெந்தாகத் தந்தாலும் சரி.

வைகாசி இறைப்புக்கு முன் முதல் கிணறு ஓட வேண்டும். ஆகவே சித்திரை வருடப்பிறப்புக்குள் பொருளாளரிடம் சேர்ப்பியுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதாமாதம் வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்படும்.

நன்றியுடன்,
தோட்டக் கிணற்றுக் குழுவினர்