செங்காயில் தொடங்கும் பாடம்: சென்னையின் மேல்நிலை உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.விலிருந்து அதன் நகலான ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்று கரும்பலகையில் அம்புக்குறி இட்டே என் பணிக்காலம் கழிந்தது. புரதத்துக்கான குறியீட்டைச் சுமக்காத ஆர்.என்.ஏ.க்களில் புரதம் கட்டும் வேலைக்கு உதவும் டி.ஆர்.என்.ஏ.வையும் ஆர்.ஆர்.என்.ஏ.வையும் தவிர வேறெதையும் நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. அந்தக் குறை உங்கள் வகுப்பிலும் தொடரக் கூடாது என்றே எழுதுகிறேன்.

கோயம்பேட்டில் வந்திறங்கும் தக்காளியில் செங்காயாக இருப்பவை வீட்டுக் கூடையில் சிவப்பதற்குப் பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீன் காரணம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்த எத்திலீனுக்குக் கடிவாளம் எது என்பதே சுவையான கேள்வி. பழுத்தலின் வேகத்தை அடக்கிவைக்கும் ஏ.பி.2ஏ என்ற புரதத்துக்கான குறியீட்டைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வை, 172 என்று எண்ணிடப்பட்ட, 21 எழுத்தே நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் புரதம் தராத குறு இழை அடையாளம் கண்டு வெட்டச் செய்கிறது; கடிவாளம் தளர்கிறது. 2018இல் சீன ஆய்வாளர்கள், 1459 என்று எண்ணிடப்பட்ட நீள் ஆர்.என்.ஏ. ஒன்றின் மரபுப்பகுதியை கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையில் சிதைத்தபோது, எத்திலீனும் சிவப்பு நிறமி லைக்கோபீனும் குறைந்து, பழுத்தலே தள்ளிப்போனது. புரதம் எதையும் தராத ஓர் இழை இல்லாமற்போனதால் கனி காயாகவே காத்திருந்தது என்பதைக் கேட்ட பிறகு, எந்த மாணவரும் புரதம் தராத ஆர்.என்.ஏ.க்களைக் குப்பை என்று சொல்லமாட்டார்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் புழுவில் கண்டறிந்த விக்டர் அம்புரோசுக்கும் கேரி ருவ்கனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஊதா நிறத்துக்கான மரபணுவைக் கூடுதலாகப் பெற்ற பெட்டூனியா செடி வெள்ளைப் பூப் பூத்து ஆய்வாளர்களைத் திகைக்கவைத்தது 1990இலேயே. சிறு ஆர்.என்.ஏ.க்களால் மரபணு ஓசையின்றி அடங்கும் அந்த நிகழ்வின் பொறிமுறையைக் கொண்டே, தில்லியின் தேசியத் தாவர மரபணு ஆய்வு நிறுவனத்தார் 2010இல் தக்காளியின் இரு நொதிகளைத் தனித்தனியே அடக்கி, அது கெடாதிருக்கும் காலத்தை ஏறத்தாழ 30 நாள் நீட்டித்துக் காட்டினார்கள். வண்டியிலும் கிடங்கிலும் தக்காளி அழுகுவதைப் பார்த்து வளரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று.

நான் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. நான்கு செங்காய்களை வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். இரண்டை ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் மூடியும், இரண்டைத் தனியாகவும் வையுங்கள். எவை முதலில் சிவந்தன என்பதைப் பிள்ளைகளே குறித்துவரட்டும். அந்தக் குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஆர்.என்.ஏ. பாடத்தைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
சென்னை.