பெரட்டில் பேர் போடாததும் வேலைநீக்கமே

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளிக்கும் உத்தியோகத்தருக்கும் இடையே தகராறு ஏற்பட்டதும், வேலைநீக்கக் கடிதம் எதுவும் கொடுக்காமல், காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தில்) அவருடைய பேரை மட்டும் போடாமல், அதாவது அன்றைய வேலையைக் கொடுக்காமல், விட்டுவிடும் வழக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். சட்டத்தில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) "பேர் போடாம வச்சிருக்காங்க" என்பார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் இரண்டு வாரங்களுக்கு மேலாக இந்த நிலையில் இருக்கிறார். என் தாயாரும் இதே நிலையைக் கடந்து வந்தவர் என்பதால், எது எங்கே தவறுகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

2021 இல் சம்பளச் சபையின் ஊடாக 1,000 ரூபா நாட்சம்பளம் நடைமுறைக்கு வந்த பின்னர், எங்கள் பகுதியில் சண்டைகள் பெரும்பாலும் கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில்) தராசைச் சுற்றியே நடக்கின்றன. குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நிறைந்தாலும் ஈரக்கொழுந்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழிவு. 2022 ஆகஸ்டில் ஒரு நாள் பின்னேரம் என் தாயாரின் கொழுந்தில் 3 கிலோ கழிக்கப்பட்டபோது, "காலையில மழை, கழிச்சீங்க, சரி. மத்தியானத்துல இருந்து வெயில். இப்ப எந்தத் தண்ணிக்குக் கழிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். கணக்கப்பிள்ளை (வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர்) அடுத்த சாக்கைத் தூக்கச் சொல்ல, அம்மா தமது சாக்கைத் தராசிலிருந்து இறக்க மறுத்துக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். வார்த்தை தடித்தது. அம்மாவின் வாய் சும்மா இருக்கும் வாய் அல்ல என்பதை நான் மறைக்கவில்லை. அந்தக் கணக்கப்பிள்ளைக்கும் கிலோவைக் கூட்டிக் காட்டினால் தொழிற்சாலையிலிருந்து கேள்வி வரும் என்பதையும் மறுக்கவில்லை. தவறு யார் பக்கம் எவ்வளவு என்று தீர்ப்பதற்கு ஒரு விசாரணை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

மறுநாள் காலை பெரட்டில் அம்மாவின் முறை வந்தபோது கணக்கப்பிள்ளை அவரைத் தாண்டி அடுத்தவரின் பேரை வாசித்தார். கேட்டதற்கு, "துரையைப் போய்ப் பாருங்க" என்றார். ஆபீசுக்குப் போனால் துரை (தோட்ட முகாமையாளர்) மலையில் என்றார்கள். அடுத்த நாளும் அப்படியே. கூடையும் இடுப்பில் கட்டும் படங்குமாக அம்மா பதினொரு காலைகள் பெரட்டுக்களத்துக்குப் போய், எல்லோரும் மலைக்கு ஏறிய பிறகு தனியே லயத்துக்குத் திரும்பி வந்தார். அந்தப் பதினொரு நாட்களில் ஒரு வரி எழுத்து எவரும் கொடுக்கவில்லை. அம்மாவும் கேட்டு வாங்கவில்லை. வேண்டும் என்று அவருக்குத் தெரியவுமில்லை.

இந்த எழுத்தில்லாமை தற்செயலாக நடப்பதல்ல என்பதே என் கருத்து. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருக்கும் தொழில்தருநர், ஒழுக்காற்றுத் தண்டனையாக ஒருவரை நீக்கினால், அதற்கான காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. எழுதிக் கொடுத்தால் நீக்கியது உறுதியாகிவிடும். உறுதியாகிவிட்டால், தொழில் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் அந்த நீக்கம் நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தின் தலையில் விழும். மாறாக, "நாங்கள் நீக்கவேயில்லை, அவராகத்தான் வரவில்லை" என்று சொன்னால், தாம் நீக்கப்பட்டதை நிரூபிக்கும் பாரம் முதலில் தொழிலாளிக்கு வந்துவிடுகிறது. ஆகவே வாய் திறக்காமல் பேரைத் தாண்டிப் போவது நிர்வாகத்துக்கு இலாபமானது. தராசுக்கருகில் நடந்ததைப் பற்றி ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமலே வழக்கின் பாதியை வென்றுவிடலாம்.

எங்கள் வழக்கிலும் அதுவே நடந்தது. சபையின் முன் நிர்வாகம் நீட்டிய முதல் ஆவணம் செக்ரோல், அதாவது தொழிலாளரின் அன்றாட வேலைப் பதிவேடு. அதில் அம்மாவின் பெயர் தெளிவாக இருந்தது. பெயருக்கு நேரே நாட்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. பெயர் இருப்பதால் அவர் இன்றும் எங்கள் தொழிலாளியே, வேலைக்குத்தான் வரவில்லை என்று வாதாடினார்கள். அம்மா தமது சாட்சியத்தில் "பேர் போடல" என்று சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் பெயரை எழுதவில்லை என்று சொல்லிவிட, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி செக்ரோலைக் காட்டி, "இதோ எழுதியிருக்கிறதே, இது உங்கள் பெயர் இல்லையா?" என்று கேட்டார். அம்மா குழம்பிப்போய் "ஆமாங்க, என் பேருதான்" என்றார். பேர் என்றால் பெயரல்ல, ஒரு நாள் வேலையும் அதற்குரிய சம்பளமும் என்பதை விளக்குவதற்கு எங்கள் பிரதிநிதிக்கு அன்று முற்பகல் முழுவதும் தேவைப்பட்டது.

எங்களைக் காப்பாற்றியது பன்னிரண்டாம் நாள் நான் எழுதிய மூன்று வரிக் கடிதம். இந்தத் திகதியிலிருந்து தினமும் பெரட்டுக்கு வருகிறேன், எனக்கு வேலை தரப்படவில்லை, வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன் என்று தமிழில் எழுதி, அம்மாவின் கையொப்பத்தோடு நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியொன்றைத் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்கும் அனுப்பினோம். தபால் நிலையத்தில் தந்த பற்றுச்சீட்டை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். என் பாட்டியின் காலத்தில் துரையோடு மோதியவருக்குப் "பத்துச்சீட்டு" கொடுத்துக் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு விரட்டுவார்களாம். அன்று வெளியே அனுப்பியதும் அந்தச் சீட்டுத்தான், என் தாயாரைத் திரும்ப உள்ளே கொண்டு வந்ததும் ஏறத்தாழ அதே பெயருள்ள ஒரு சீட்டுத்தான் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். பாட்டியின் காலத்துத் துரையாவது காகிதத்தைக் கையில் கொடுத்தே அனுப்பினார்.

அடுத்து ஆறு மாதக் கணக்கு. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின்படி, வேலைநீக்கப்பட்ட திகதியிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். தொழிலாளி தாமாகவும் விண்ணப்பிக்கலாம், அவர் சார்பில் சங்கமும் விண்ணப்பிக்கலாம். கடிதமே இல்லாத வேலைநீக்கத்தில் அந்தத் திகதி எது? முதல் நாள் பேர் போடாத காலையா, அல்லது "இனி வர வேண்டாம்" என்று யாராவது வாய்விட்டுச் சொன்ன நாளா? இதில் சந்தேகம் இருக்கும்போது முதல் காலையிலிருந்தே எண்ணுவதுதான் புத்தி. ஆனால் நடப்பது வேறு. எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் "கொஞ்சம் பொறுங்க அக்கா, துரைகிட்டப் பேசியாச்சு, அடுத்த கிழமை பேர் போடுவாங்க" என்று ஐந்து மாதங்கள் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். துரையோடு முகம் கொடுத்துப் பேசித் தீர்த்தே பழகியவர். ஆனாலும் மாதச் சந்தாவை அறவிட்டுக்கொள்ளும் சங்கம் ஒன்றின் தலைவருக்கு இந்தக் காலவெல்லை தெரியாதென்றால், அது அவர் ஒருவரின் குறையாக இருக்க முடியாது. கெடு முடிய ஒன்பது நாட்கள் இருந்தபோது, நானே அலைந்து விண்ணப்பத்தை ஒப்படைத்தேன்.

அந்த ஐந்து மாதத்துக்குள் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆபீசிலிருந்து அம்மாவை அழைத்து, 23 வருடச் சேவைக்காலப் பணத்தை உடனே தருவதாகவும், ஒரு தாளில் கையெழுத்திட்டால் போதுமென்றும் சொன்னார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா கண்ணாடியைக் கொண்டு வரவில்லை என்று சொல்லி, அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். வாசித்துப் பார்த்தபோது, சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுவதாக எழுதப்பட்டிருந்தது. சேவைக்காலப் பணம் யாரும் இரங்கித் தருவதல்ல. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஐந்து வருடச் சேவை முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம் கொடுத்தேயாக வேண்டும். மோசடி, கையாடல், தொழில்தருநரின் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தல் போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டிருந்தால் மாத்திரம், அந்த நட்டத்தின் அளவுக்கு அதில் கைவைக்கலாம். தராசடியில் வாய்ச்சண்டை பிடித்தது அந்தப் பட்டியலில் இல்லை. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்துக்கும் இந்தத் தகராறுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இரண்டையும் காட்டி விலகல் கடிதத்தில் கையொப்பம் வாங்குவதை வேறு எந்தச் சொல்லால் குறிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சாட்சி சொல்ல ஆள் கிடைக்காததையும் நான் குறைசொல்ல மாட்டேன். அன்று மடுவத்தில் இருபது பெண்களாவது நின்றார்கள். அம்மாவோடு ஒரே மலையில் பதினைந்து வருடம் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தவர்கள்கூட, "எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். வேலையும் தோட்டத்தில், குடியிருக்கும் லயக்காம்பிராவும் தோட்டத்தில் என்றிருக்கும் ஒருவருக்குப் பயம் இரட்டிப்பாகத்தான் இருக்கும். விசாரணைச் சபையொன்றின் முன் நல்லெண்ணத்தோடு சொன்ன சாட்சியத்துக்காக ஒரு தொழிலாளியை நீக்குவதையோ தண்டிப்பதையோ, 1999 இல் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவொன்று நீதியற்ற தொழில் நடைமுறையாகத் தடை செய்திருக்கிறது. இதை எந்த லயத்திலும் எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கடைசியில் சாட்சிக்கு வந்தவர், ஓய்வுபெற்றுவிட்ட, இனி இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு கங்காணி.

விண்ணப்பித்துப் பத்தொன்பது மாதங்களின் பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது. சேவைத் தொடர்ச்சியோடு அம்மா மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டார். இடைக்காலச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தோம். மேன்முறையீடு என்று மாகாண மேல் நீதிமன்றம்வரை இழுபட்டால், அதற்குள் அம்மாவுக்கு ஓய்வு வயதே வந்துவிடும் என்பதால் சம்மதித்தோம். அது சரியான முடிவா என்று இன்றும் வீட்டில் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு.

1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யர், சட்டத்தைத் தமிழில் எழுதி அவர்களிடம் கொண்டுபோவதைத் தமது வேலையின் பெரும் பகுதியாகக் கருதினார். இன்று தமிழ் அரசகரும மொழி, எங்களிடம் பல சங்கங்கள், பாராளுமன்றத்தில் எங்கள் பிரதிநிதிகள். ஆனாலும் ஒழுக்காற்றுக் கடிதம் ஆங்கிலத்திலும் விசாரணைக் குறிப்பு சிங்களத்திலும் இருக்க, தமிழில் கிடைப்பதெல்லாம் "கொஞ்சம் பொறுங்க" என்பது மாத்திரமே.

எனவே தொழில் திணைக்களம் ஒரு காரியத்தையாவது செய்ய வேண்டுமென்று தங்கள் பத்திரிகையின் ஊடாகக் கேட்கிறேன். பெரட்டுக்கு வந்த ஒருவருக்கு வேலை கொடுக்கப்படாவிட்டால், அவர் வந்தார் என்பதையும் வேலை கொடுக்காத காரணத்தையும் அன்றைக்கே எழுதி, பிரதியை அவருக்கு விளங்கும் மொழியில் கொடுக்கும்படி தோட்ட நிர்வாகங்களுக்குப் பணிப்புரை வழங்க வேண்டும். தோட்டத்துக்கு வரும் தொழில் உத்தியோகத்தர்கள் செக்ரோலில் வெறுமையாகக் கிடக்கும் பெயர்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும். தொழிற்சங்கங்கள் துரையோடு பேசட்டும், அதை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு ஒரு பக்கம் நடக்கும்போதே விண்ணப்பத்தையும் ஒப்படைத்து வைக்கட்டும். சமரசம் வந்தால் விண்ணப்பத்தை மீளப் பெறலாம். கெடு கடந்துபோனால் எந்தத் தலைவராலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பக்கத்துத் தோட்டத்துப் பெண் நேற்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய தலைவரும் அடுத்த கிழமைவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறாராம். கடிதத்தை நான் எழுதிவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்து, "வேலை செய்ய ஆயத்தமா இருக்கேன்னு போடு, அத விட்டுடாத" என்று இரண்டு முறை சொன்னார். திங்கட்கிழமை பாடசாலைக்கு அரைநாள் விடுமுறை போட்டு, அவரைத் தலவாக்கலை தபால் நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.