பாப்பாவுக்கு

பாப்பா,

பசியாறினாயா? மூன்று வாரமாக உன் சத்தமே இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்கிறார் அப்பா. சரி, இருக்கட்டும். முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன், மாமா கோலாலம்பூர் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது குளியலறையில் ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். பல் வெளுக்க ஒட்டுகிற பட்டை. பினாங்கு ரோட்டில் ஐஸ் போட்ட செண்டோல் ஒரு வாய் குடித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாயே, அது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பெட்டியைப் பல் டாக்டரிடம் காட்டினேன். கோபப்படாதே, எனக்கும் கடைவாய்ப் பல் வலி. பட்டையிலுள்ள பெராக்சைடு என்ற வெளுக்கும் மருந்தால் கூச்சமும் ஈறு எரிச்சலும் வருமாம், நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடுமாம். ஐரோப்பாவில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பல் டாக்டர் வழியாகத்தான் வாங்க முடியுமாம், அதுவும் 6 சதவீதம் வரைக்கும்தான். உன் பெட்டியில் எத்தனை சதவீதம் என்றே போடவில்லை. ஊரார் கணக்கில் ஐந்து காசு விடாத பெண் நீ, இதை மட்டும் பார்க்காமல் வாயில் ஒட்டியிருக்கிறாய். நிறுத்திவிடு. கரித்தூள் பேஸ்ட், எலுமிச்சை எல்லாம் பல்லைத் தேய்த்துவிடும், அதுவும் வேண்டாம். முதலில் அந்தப் பட்டையை நிறுத்து.

"பெண் சிரிக்கவே மாட்டாளா?" என்று பெண் பார்க்க வந்த அந்த அம்மா கேட்டது உன் காதில் விழவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

உன் பல்லில் இருப்பது காப்பிக் கறை இல்லை, பாப்பா. உனக்கு மூன்று வயதில் இருமல் நிற்கவில்லை. அப்பாவுக்குக் கொடுத்து மிஞ்சிய டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்து, அந்த மஞ்சள் பொடியைத் தேனில் குழைத்து, மூக்கைப் பிடித்து ஊட்டினேன். யாரையும் கேட்கவில்லை. எட்டு வயதுக்குள் கொடுத்தால் பல் வளரும்போதே உள்ளே படிந்துவிடுமாம். நீ நாலாம் வகுப்பு படிக்கும்போதே, பள்ளிக்கு வந்த பல் தாதி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்கப்புறமும் சரியாகத் தேய்க்கவில்லை என்று உன்னைத்தான் திட்டினேன். ஒரு நாள் பிரஷ்ஷாலேயே அடித்தேன், நினைவிருக்கிறதா?

இந்தக் கறைக்கு இரண்டு வாரப் பட்டை போதாது என்றார் டாக்டர். பல்லுக்கு அச்செடுத்து ட்ரே செய்து, 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடை இரவில் மாதக்கணக்கில் போட வேண்டுமாம். அப்படியும் முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாதாம். சீட்டுப் பணம் 3,000 வெள்ளி கைக்கு வந்திருக்கிறது. அங்கேயே நல்ல பல் டாக்டராகப் பார், நானும் வருகிறேன். வேண்டாமென்றால் வரவில்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அம்மா